உயிரோடிருக்கிறவருக்கு ஒரு பூசை

காலை பத்து மணிக்குள் ஜெயராணியின் வீட்டுக்காரர் இறந்துபோனதற்காக நூற்று நாற்பத்து மூன்று பேர் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். அவர் இறந்துபோனதாக ஜெயராணி யாரிடமும் சொல்லவே இல்லை என்பதுதான் சிக்கல்.

தையல் மெஷின் மேல் கிடந்த போன் ஓயாமல் துடித்தது. கும்பிடும் கைகள், எரியும் மெழுகுவத்திகள், வெள்ளைப் புறாக்கள், கண்ணீர் வடிக்கும் மஞ்சள் முகங்கள். 'ஆழ்ந்த இரங்கல் சகோதரி.' 'தாங்கிக்கொள்ளும் சக்தியை ஆண்டவன் தரட்டும்.' கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி, பேச வாய் வராமல், முக்கால் நிமிடம் மூக்கை உறிஞ்சியதை மட்டும் குரல்பதிவாக அனுப்பியிருந்தாள்.

"அடியே இன்னாசிமேரி! கொஞ்சம் ஓடியாடி!"

பக்கத்து வீட்டு இன்னாசிமேரி முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த கையோடு வந்தாள்.

"என்னக்கா?"

"நேத்து அந்தப் போர்வையப் போட்டோ புடிச்சு குரூப்புல போட்டேன்ல? எல்லாரும் துக்கம் விசாரிக்கிறாளுவ."

"போர்வைக்கா?"

"போர்வைக்கு ஏன்டி விசாரிக்கிறாளுவ? அந்த மனுசனுக்கு!"

'ஊசிமுனைச் சொந்தங்கள்' என்பது அந்த வாட்ஸப் குழுவின் பெயர். பழைய துணிகளைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, நடுவே பஞ்சு வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்துத் தைத்துப் போர்வையாக்குகிற பெண்கள் இருநூறு பேர் அதில் இருந்தார்கள். வரதராசன்பேட்டையில் அதற்கு ஒட்டுப்போர்வை என்று பெயர். குழுவில் குயில்ட் என்றார்கள். ஜாக்கெட்டும் பள்ளிக்கூட யூனிபார்மும் தைத்துக்கொண்டிருந்த ஜெயராணி நாலு வருடங்களாக இதில்தான் இருந்தாள். அவள் மூலை சேர்க்கும் நேர்த்தியைப் பார்த்துவிட்டு சிங்கப்பூரிலிருந்துகூட ஒருத்தி, "அக்கா, உங்க கையக் கொஞ்சம் கடன் குடுங்க" என்று எழுதியிருந்தாள்.

நேற்று அவள் போட்ட போர்வை, டிரங்குப் பெட்டியில் கிடந்த ஆண்பிள்ளைச் சட்டைகளை வெட்டித் தைத்தது. படத்துக்குக் கீழே இவ்வளவுதான் எழுதியிருந்தாள்: 'என் வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போய் பதினோரு வருஷம் ஆச்சு. அவரோட சட்டைங்க. சும்மா கெடந்துச்சு, தைச்சுட்டேன். பார்டர் பிரவுன் குடுக்கவா, நீலம் குடுக்கவா?'

பார்டரைப் பற்றி ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

"போயிட்டாருன்னா செத்துப்போயிட்டாருன்னே நினைச்சுட்டாளுவ. பெரம்பலூர்ல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கிற மனுசனுக்கு மெழுகுவத்தி கொளுத்துறாளுவடி!" என்றாள் ஜெயராணி.

இன்னாசிமேரி சிரிக்கவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள்.

"நினைச்சா நினைச்சுட்டுப் போறாங்க. வுடுங்கக்கா."

"எப்புடி வுடுறது? பொய்யில்லையா?"

"எல்லாத்தையும் அப்புடிப் பொய்யின்னு சொல்லிட முடியாதுக்கா… ஐயோ, அடுப்புல பாலு!"

ஓடிவிட்டாள். அந்த நேரத்தில் அவள் வீட்டில் பால் காய்ச்சி ஜெயராணி பார்த்ததே இல்லை.

உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று ஜெயராணி முடிவு செய்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். 'அவரு சாகலைங்க.'

குழுவை நடத்துகிற திருச்சி லீலாவதி எழுதினார். 'ஆமாம் ஜெயராணி. அன்பானவர்கள் சாவதே இல்லை.' அதற்குக் கீழே சிவப்பு இதயங்கள் கொட்டின.

ஜெயராணி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்று தட்டினாள். 'அய்யோ, அவரு பெரம்பலூர்ல இருக்காரு.'

'ஓ, அடக்கம் அங்கேதானா?' என்று கேட்டாள் நாகர்கோவில் நர்ஸ் ஒருத்தி. 'அடிக்கடி போய்ப் பார்ப்பீங்களா?'

'ஒரு தடவைகூடப் போனதில்ல.'

'எனக்கும் அந்தத் தைரியம் வரலை சகோதரி. எங்கம்மா கல்லறைக்கு நானும் போனதில்லை.'

ஜெயராணி போனைக் கவிழ்த்து வைத்தாள். இனி பேசித்தான் தீர்க்க வேண்டும் என்று லீலாவதியைக் கூப்பிட்டாள். லீலாவதி வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருந்து பழக்கமில்லாதவர்.

"மேடம், அவரு வந்து…"

"சொல்லுங்க ஜெயராணி."

"அவரு என்னைய வுட்டுட்டு…"

"பேச வேண்டாம். அழுங்க. நான் லைன்லயே இருக்கேன். நல்லா அழுதுடுங்க."

ஜெயராணிக்கு அழும் எண்ணம் கொஞ்சமும் இல்லை. ஆனால் 'அழுங்க' என்று பதினோரு வருடங்களில் யாரும் அவளிடம் சொன்னதில்லை. செத்த வீட்டுக்கு ஊர் வரும், பாய் விரித்து உட்காரும், அடுத்த வீட்டிலிருந்து சோறு வரும். புருஷன் விட்டுட்டுப் போன வீட்டை ஊர் எட்டித்தான் பார்க்கும். 'இவகிட்ட என்ன கொறையோ' என்று முணுமுணுக்கும். பிள்ளை இல்லாதவள் என்றால் அந்தக் குறைக்குப் பெயரும் வைத்துவிடும்.

அவள் அழுதாள். முகத்தை மெஷின் மேல் கவிழ்த்துக்கொண்டு, மூக்கு ஒழுக, ஒரு கணக்கில்லாமல் அழுதாள். லீலாவதி நிஜமாகவே லைனிலேயே இருந்தார். அழுது முடித்தபோது, வீட்டுக்காரர் உயிரோடுதான் இருக்கிறார் என்று சொல்ல ஜெயராணிக்கு வாய் வரவில்லை.

"அவர் போன தேதி என்ன?" என்று மெதுவாகக் கேட்டார் லீலாவதி.

"ஜூன் பதினாலு."

அதுவும் உண்மைதான்.

அந்த ஜூன் பதினாலில் அவள் வீட்டுக்காரர் மரியசூசை, அரியலூர் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரியை எடுத்துக்கொண்டு போனார். லாரி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. பெரம்பலூரில் இட்லிக்கடை வைத்திருந்த புவனேஸ்வரியோடு இருந்துவிட்டார் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. அன்று ஜெயராணி வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி ஒரு சட்டம் போட்டாள்.

"இனிமே இந்த வாசல்ல யாரும் அந்தப் பேரை எடுக்கக் கூடாது. எடுத்தா, அவங்க மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்!"

ஊர் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. ஜெயராணியின் நாக்குக்குப் பயந்தது என்றும் சொல்லலாம். மரியசூசையின் தம்பி அருள் பிரகாஷ் மட்டும், மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் விடிந்தும் விடியாததுமாக வாசலில் வந்து நின்று, "அண்ணி… அண்ணன்…" என்று ஆரம்பித்தான். வாளியில் இருந்த சோப்புத் தண்ணீர் முழுவதும் அவன் தலையில் விழுந்தது. சொட்டச் சொட்ட நின்றான், பிறகு போய்விட்டான்.

அண்ணன் திரும்பி வர ஆசைப்படுகிறார் என்று தூது சொல்லத்தான் அவன் வந்தான் என்று ஜெயராணி வைத்துக்கொண்டாள். ஒருவாரம் கழித்துக் கோபம் இறங்கியது. இரண்டாம் தடவை வந்தால் தண்ணீர் ஊற்றுவதில்லை என்று முடிவு செய்தாள். உள்ளே வரச் சொல்வது, காபி கொடுப்பது, யோசித்துச் சொல்கிறேன் என்பது. பதில்கூடத் தயாராக இருந்தது. அவன் வரவில்லை.

அப்புறம் தெருவில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்ப்பதையே அவள் விட்டுவிட்டாள். மெஷின் சத்தத்தில் வெளியே எதுவும் கேட்காது. அது ஒரு வசதி.

லீலாவதியிடம் அழுது பத்து நாள் கழித்துத் தபால்காரப் பெண் அம்பிகா சைக்கிளில் ஒரு சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினாள்.

"என்னக்கா, கல்யாணமா? இத்தன பார்சல் எந்த வூட்டுக்குமே வந்ததில்ல."

முப்பத்தெட்டு பார்சல்கள். லீலாவதி குழுவுக்குக் கட்டளை போட்டிருந்தார். ஒவ்வொருத்தியும் தான் இழந்த ஓர் ஆளின் துணியில் ஓரடிக்கு ஓரடி ஒரு கட்டம் தைத்து அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஜெயராணி தன் கையால் சேர்த்து மரியசூசையின் நினைவாக ஒரே போர்வையாக்குவாள். ஜூன் பதினாலாம் தேதி எல்லோரும் நேரில் வந்து பார்ப்பார்கள்.

ஜெயராணி ஒவ்வொன்றாகப் பிரித்தாள். காரைக்காலிலிருந்து ஒருத்தி அப்பாவின் வேட்டிக் கரை அனுப்பியிருந்தாள். சிங்கப்பூர்க்காரி அனுப்பியது கட்டட வேலைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சுச் சட்டைத்துணி. நடுவில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற வெள்ளிப் பட்டை. 'பதினாறாவது மாடி' என்று மட்டும் ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தாள்.

கோவில்பட்டிப் பார்சலில் நீலக் கட்டம் போட்ட யூனிபார்ம் துணி. காலரோடு இருந்தது. காலருக்கு உள்ளே பேனாவில் 'VII B' என்று எழுதியிருந்தது.

'அக்கா, இது என் மகன் சட்டை. மூணு வருஷமா இதில் கத்தரி வைக்க மனசு வரலை. உங்க வீட்டுக்காரருக்காக வெட்டினேன். அவர் பக்கத்தில் இவனை வைங்க. பெரியவங்க துணை இருந்தா பயப்பட மாட்டான்.'

ஜெயராணி அந்தக் காலரை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். இட்லிக்கடைக்காரியோடு சுகமாக இருக்கிற ஆளுக்குத் துணையாக இந்தப் பிள்ளையை வைப்பதா? இதைவிடப் பெரிய பாவம் கோயிலில் மன்னிப்புக் கேட்கிற பட்டியலிலேயே கிடையாது என்று தோன்றியது.

மற்றவர்களுக்கு எப்படியோ, இந்தத் தாய்க்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று தனியாக அவளுக்கு எழுதினாள். 'அம்மா, இதை வாங்கிக்க எனக்குத் தகுதி இல்லை. நான் நீங்க நினைக்கிற மாதிரி இல்லை. திருப்பி அனுப்பிடுறேன்.'

கோவில்பட்டிக்காரி அதைப் படித்துவிட்டு நெகிழ்ந்துபோய் அப்படியே குழுவில் போட்டாள். 'இந்தத் துக்கத்திலும் ஜெயராணி அக்காவின் தன்னடக்கத்தைப் பாருங்கள்.'

மறுவாரம் அம்பிகா இன்னும் பதினேழு பார்சல் கொண்டுவந்தாள்.

வேறு வழியில்லாமல் ஜெயராணி தைக்க உட்கார்ந்தாள். உட்கார்ந்தபிறகு பொய் நினைவில் இல்லை. ஆரஞ்சுப் பட்டையின் ஓரம் மடங்காமல் அடம்பிடித்தது, அதைத் தட்டிக்கொடுத்துத் தைத்தாள். வேட்டிக் கரை நைந்திருந்தது, அடியில் மெல்லிய துணி கொடுத்துப் பிடித்தாள். யூனிபார்ம் துணியை எங்கே வைப்பது என்று மட்டும் நாலு நாள் தெரியவில்லை. கடைசியில் மரியசூசையின் பழைய சாம்பல் நிறச் சட்டைத்துண்டை ஒரு பக்கமும், தன்னுடைய கல்யாணப் புடவையின் ஓரத்தை மறுபக்கமும் வைத்து, நடுவில் அந்தக் காலரை வைத்தாள். தைத்து முடித்துப் பார்த்தபோது மூவரும் ஒரே கட்டிலில் படுத்திருப்பது போல் இருந்தது. சட்டென்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

ஜூன் பத்தாம் தேதி லீலாவதி கூப்பிட்டார்.

"ஜெயராணி, உங்க சர்ச்சுல இறந்தவங்க ஆன்மாவுக்காகப் பூசை வைக்கலாமாமே? நானே ஃபாதருக்குப் போன் போட்டுப் பேசிட்டேன். பதினாலாம் தேதி காலைப் பூசை நம்ம குழு சார்பா."

"எந்த… எந்த ஃபாதர்கிட்ட?"

"உங்க ஊர் ஃபாதர்கிட்டதான்! எவ்வளவு நல்ல மனுஷர்! 'ஜெயராணி அம்மா சம்மதிச்சாங்களா? நிஜமாவா?'ன்னு ரெண்டு தடவை கேட்டார். அப்புறம் 'ஆண்டவருக்கு நன்றி'ன்னார்."

உயிரோடிருக்கிறவருக்கு இளைப்பாற்றிப் பூசை! ஜெயராணி செருப்பைக்கூடப் போடாமல் கோயிலுக்கு ஓடினாள். கோயில் உபதேசியார் மணிக்கூண்டுக்குக் கீழே உட்கார்ந்து எந்தப் பூசை யாருக்காக என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஐயா, பதினாலாம் தேதி ஒரு பேரு எழுதியிருக்கீங்கள்ல? அதை அடிச்சுடுங்க."

"எந்தப் பேரும்மா?"

"அதான்… அந்தப் பேரு."

"அன்னிக்கு ஆறு பேரு இருக்கு. பேரைச் சொன்னாத்தானே அடிக்க முடியும்?"

ஜெயராணி வாயைத் திறந்தாள். தான் போட்ட சட்டம் தன் தொண்டைக்குள்ளேயே நின்றுகொண்டது. பதினோரு வருடங்கள் மெல்லாமல் முழுங்காமல் வைத்திருந்த ஒரு பெயர் அவ்வளவு சுலபமாக வெளியே வந்துவிடுமா? உபதேசியார் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். அவர் கண் ஏனோ கலங்கியிருந்தது.

"வீட்டுக்குப் போம்மா," என்றார். "ஊர்ல எல்லாருக்கும் நிம்மதி. நல்லபடியா நடக்கும்."

இந்த ஆளும் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டு ஜெயராணி திரும்பி நடந்தாள்.

பதினாலாம் தேதி காலை ஒரு வேனில் லீலாவதியும் ஒன்பது பெண்களும் வந்து இறங்கினார்கள். லீலாவதி இறங்கியதும் ஜெயராணியைக் கட்டிக்கொண்டார். பிறகு விலகி, அவள் கழுத்தையே பார்த்தார். தாலி இருந்தது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தாள் ஜெயராணி. பயத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது.

லீலாவதி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "கவனிச்சீங்களா? கழட்டலை. ஊர் என்ன சொல்லும்னு பார்க்காம அவர் கட்டினதை அப்படியே வச்சிருக்காங்க. இதுக்கு எவ்வளவு துணிச்சல் வேணும்!"

மற்றவர்கள் கைதட்டினார்கள். கோவில்பட்டிக்காரி தட்டவில்லை. அவள் நேராகப் போர்வையிடம் போய், அந்தக் காலரைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டு பக்கமும் என்ன துணி என்று விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு ஜெயராணியின் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கோயில் நிறைந்திருந்தது. சாதாரண நாள் பூசைக்கு இத்தனை கூட்டம் வந்து ஜெயராணி பார்த்ததில்லை. வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள் என்று புரிந்தது. மேடையில் ஃபாதர் வாசித்தார்.

"இன்றைய திருப்பலியை மரியசூசையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, அவருடைய மனைவி ஜெயராணி அம்மாளும் ஊசிமுனைச் சொந்தங்களும் ஒப்புக்கொடுக்கிறார்கள்."

ஜெயராணி கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரிப்புக்காகக் காத்திருந்தாள். எங்கோ ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது. யாரோ இருமினார்கள். சிரிப்பு வரவில்லை. கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தபோது இன்னாசிமேரி மட்டும் பின்னால் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அவள் அழுகிறாள் என்று ஜெயராணி நம்பத் தயாராக இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்தபோது அருள் பிரகாஷ் எதிரே வந்து நின்றான். சோப்புத் தண்ணீருக்குப் பிறகு அவன் இவ்வளவு பக்கத்தில் வந்தது இப்போதுதான். திட்டுவான், அண்ணனைக் கொன்றுவிட்டாயே என்று கத்துவான் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

அவன் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"நல்ல காரியம் பண்ணீங்க அண்ணி. எங்களால முடியாததை நீங்களே பண்ணிட்டீங்க."

அதன்பிறகு ஊர் முழுவதும் அவள் வீட்டுக்கு வந்தது. பாய் விரித்து உட்கார்ந்தது. யார் வீட்டிலிருந்தோ சோறு வந்தது, யார் வீட்டிலிருந்தோ ரசம் வந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் போர்வையைத் தொட்டுப் பார்த்தார்கள், "மனசைத் தேத்திக்கம்மா" என்றார்கள். பதினோரு வருடங்களுக்கு முன்பு வரவேண்டிய கூட்டம் வழிதவறி இன்றைக்கு வந்து சேர்ந்ததுபோல் இருந்தது. ஒரு முகத்திலும் குறும்பு இல்லை. ஓர் ஊர் சேர்ந்து இத்தனை கச்சிதமாக ஒருத்தியைக் கேலி செய்யும் என்று ஜெயராணி கனவிலும் நினைத்ததில்லை.

வேன் கிளம்பியது. ஊரும் கலைந்தது. மீந்த ரசத்தை இன்னாசிமேரி சின்னப் பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாசிமேரி, உயிரோட இருக்கிறவங்களுக்கு ஆன்மாப் பூசை வச்சா என்னடி ஆவும்?"

கரண்டி கீழே விழுந்தது.

"ஒண்ணும்… ஒண்ணும் ஆவாதுக்கா."

"ஆயுசு கொறைஞ்சுடும்பாங்களே?"

"அப்புடியெல்லாம் இனிமே ஒண்ணும் ஆவாது, அக்கா."

ஜெயராணிக்கு மனம் ஆறவில்லை. பதினோரு வருடங்களில் அவள் அந்த ஆளை எப்படியெல்லாமோ சபித்திருக்கிறாள். கால் ஒடியட்டும், இட்லி வேகாமல் போகட்டும், மழையில் கூரை ஒழுகட்டும். சாகட்டும் என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது கோயில் மேடையிலேயே சொல்லியாகிவிட்டது. வண்டி ஓட்டுகிற மனுசன். ஒரு கல் தட்டினால் போதும்.

விடிந்ததும் புறப்பட்டுவிட்டாள். போர்வையை மடித்து ஒரு பெரிய துணிப்பையில் போட்டுக்கொண்டாள். ஒருதடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும், நல்லபடியாக இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். பொய் சொல்லிப் பூசை வைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். போர்வையை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். ஐம்பத்தைந்து பேர் அவருக்காக அனுப்பியது, அவளுடையது இல்லை.

இன்னாசிமேரி பஸ் நிறுத்தம்வரை ஓடிவந்தாள். "எங்கக்கா போறீங்க?"

"பெரம்பலூருக்கு."

இன்னாசிமேரியின் முகம் வெளிறியது. பிறகு என்ன நினைத்தாளோ, மெதுவாகத் தலையாட்டினாள்.

"போங்கக்கா. போயி ஒரு தடவை பாத்துட்டு வந்துடுங்க. நானும் வரவா?"

"நீ எதுக்குடி? நான் என்ன சண்டைக்கா போறேன்?"

ஜெயங்கொண்டத்தில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ். உடையார்பாளையம் தாண்டும்போது முந்திரித் தோப்புகளைப் பார்த்தபடி என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தாள். 'நல்லாயிருக்கீங்களா' என்று ஆரம்பிப்பதா, அது ரொம்ப மரியாதை. 'உசுரோடதான் இருக்கியா' என்றால் சண்டை வரும். புவனேஸ்வரி கதவைத் திறந்தால் என்ன செய்வது? திறக்கட்டும். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, 'அவரைக் கொஞ்சம் வரச் சொல்லும்மா' என்று சொல்லிவிட வேண்டியதுதான். கத்தக் கூடாது. அழவும் கூடாது. அருள் பிரகாஷுக்காகத் தயார் செய்து வைத்திருந்த பதில்கூட நினைவுக்கு வந்தது. அவர் திரும்பி வரட்டுமா என்று கேட்டால்? கேட்க மாட்டார். ஒருவேளை கேட்டால்?

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் கண்ணாடி வைத்த கடை ஒன்றின்முன் நின்று தலையைச் சரிசெய்துகொண்டாள். எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டு, வெட்கப்பட்டு, நகர்ந்தாள்.

பெரம்பலூரில் துறையூர் ரோட்டுக்குப் பின்னால் அந்தச் சந்து. விலாசம் பதினோரு வருடங்களாக அவளுக்கு மனப்பாடம். முனையில் இட்லிக்கடை சாத்தியிருந்தது. பக்கத்து வாசலில் ஒரு பெண் முறத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தாலும் முகம் சிரித்தபடி இருந்தது.

"யாரு வூட்டுக்குங்க?"

"இந்த இட்லிக்கடைக்காரங்க வூட்டுக்குத்தான். வரதராசன்பேட்டைக்காரரு ஒருத்தரு… லாரி ஓட்டுவாரு."

"அட, அண்ணன் ஊரா நீங்க? உக்காருங்க, உக்காருங்க. புவனா சந்தைக்குப் போயிருக்கு, இப்ப வந்துடும்." அந்தப் பெண் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். ஜெயராணி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அவரு… நல்லா…" என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் ஒத்திகை பார்த்தது எதுவும் வரவில்லை.

அந்தப் பெண் தலையைச் சாய்த்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"உங்க ஊருக்காரங்க மாதிரி பாசக்கார சனத்த நான் பாத்ததில்லைங்க. மூணு வருசத்துக்கு முன்னாடி அண்ணன் சாவுக்கு ஊரே ரெண்டு வேன் புடிச்சு வந்துச்சே, அதுல நீங்க எந்த வேன்ல வந்தீங்க?"